10265: ஒரு பிளாஸ்டிக் சாக்சபோன் விலைபோன கதை

1994 செப்டம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் நிறுவனத்தின் ஏலத்தில் ஓர் ஆல்டோ (நடுத்தர அளவு) சாக்சபோன் 93,500 பவுண்டுக்குப் போனது. அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 1,44,500 டாலர். வாங்கியவர் வித்வானும் இல்லை, பணக்காரச் சேகரிப்பாளரும் இல்லை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள கன்சாஸ் சிட்டி என்ற நகரம். விற்ற பொருளின் உடல் பித்தளைகூடக் கிடையாது. பாலாடை நிற அக்ரிலிக் பிளாஸ்டிக், அதன்மேல் பொன்னிறக் கீகள். 1950இல் கடைக்கு வந்தபோது இந்த மாதிரியின் விலை 55 கினி, அதாவது 57 பவுண்டு 15 ஷில்லிங். நல்ல பித்தளை ஆல்டோவுக்குக் கொடுக்க வேண்டியதில் சுமார் பாதி.

வரிசை எண் 10265. தயாரிப்பு: கிராஃப்டன். வாசித்தவர்: அமெரிக்க ஜாஸ் மேதை சார்லி பார்க்கர்.

பழைய சாக்சபோன் வாங்கி விற்கிறவர்களிடம் இந்த ஏலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "பார்க்கர் தொட்டது, அதனால் அந்த விலை" என்று முடித்துவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் பழைய கருவி எதுவானாலும் அதன் விலைக்குள் மூன்று வகைப் பணம் கலந்து கிடக்கிறது. வாசிக்கத் தகுந்த கருவி என்பதற்கு ஒரு பங்கு, கிடைப்பதற்கு அரிது என்பதற்கு ஒரு பங்கு, அதைப் பற்றிச் சொல்லப்படும் கதைக்கு ஒரு பங்கு. நல்ல பித்தளைக் கருவியில் மூன்றும் குழைந்துபோய், எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்றே தெரியாது. 10265இல் மட்டும் அவை தனித்தனியாக நிற்கின்றன. அதனால்தான் இந்த விற்பனையை எடுத்துக்கொண்டேன்.

கருவிக்கு எவ்வளவு?

கிராஃப்டனை வடிவமைத்தவர் ஹெக்டர் சொமருகா, லண்டனில் குடியேறிய இத்தாலியர். போர் முடிந்த 1945இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு ஒரு மாதிரி தயாரானது. ஆனால் அதை வாசிக்க முடியாது, காட்சிக்கு மட்டும்தான். கடைக்கு வர 1950 ஆகிவிட்டது. தயாரித்து விற்றது ஜான் டாலஸ் அண்ட் சன்ஸ். பெயர் வந்தது லண்டனின் கிராஃப்டன் வே தெருவிலிருந்து. ஆல்டோ மட்டுமே சந்தைக்கு வந்தது. (சாக்சபோன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும் கத்ரி கோபால்நாத் கையில் இருந்ததும் ஆல்டோதான், அளவு அதுவே என்று வைத்துக்கொள்ளலாம்.) 1960களின் இறுதியில் தயாரிப்பு நின்றது. வார்ப்பு அச்சுகளும் பழைய இரும்பாகப் போய்விட்டன.

அந்தக் கடைசிச் செய்தி வாங்குபவருக்கு முக்கியமானது. இதற்கு உதிரிப் பாகம் வேண்டுமென்றால் இன்னொரு கிராஃப்டனைப் பிரிப்பது தவிர வழியில்லை.

பித்தளைச் சாக்சபோன் கீழே விழுந்தால் நசுங்கும். பழுது பார்ப்பவர் உள்ளே எஃகுக் குண்டு செலுத்தி, உருட்டி, நெளிவை வெளியே தள்ளிவிடுவார். கீயைத் தாங்கும் தூண் பிடுங்கிக்கொண்டால் பற்றவைப்பார். நூறு வயதான கருவிகள்கூட இப்படித்தான் உயிரோடு இருக்கின்றன. அக்ரிலிக்கில் இந்த வித்தைகள் எதுவும் பலிக்காது. அது நசுங்காது, விரிசல் விடும். தூண்களைப் பற்றவைக்க முடியாது. திருகு சற்று இறுகினாலும் அதைச் சுற்றி மயிரிழைபோல ஒரு கோடு ஓடும். மாதக்கணக்கில் அது நீளும். கீகளைத் திருப்பி எழுப்பும் வில்லும் வேறு. மற்ற சாக்சபோன்களில் மெல்லிய எஃகு ஊசி வில் இருக்கும். கிராஃப்டனில் சுருள் வில். அதனால் விரலுக்குக் கீழே ஒருவித மெத்தெனும் தயக்கம் தெரியும் என்பார்கள் வாசித்தவர்கள். இதைப் பழுது பார்க்கக் கொண்டுபோனால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடும் பட்டறைகளே அதிகம்.

ஆனாலும் நல்ல வாசிப்பாளர்கள் இதை வாசித்தார்கள். பிரிட்டனில் ஜான் டாங்க்வொர்த் வாசித்தார். அமெரிக்காவில் ஆர்னெட் கோல்மன் 1954இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒன்றை வாங்கினார். அவர் கதை நம் கணக்குக்கு நேராக உதவுகிறது. கையில் காசு குறைவு, கருவி அவசரம். கடைக்காரர் சொன்னது: பழைய செல்மர் (உயர்தரப் பித்தளைச் சாக்சபோன்) ஒன்றின் விலைக்கு இந்தப் புதிய பிளாஸ்டிக்கைத் தருகிறேன். கோல்மன் பழையதை விட்டுப் புதியதை எடுத்தார். முதலில் பிடிக்கவில்லை, பிறகு விடவும் மனமில்லை. தான் வாசிக்கும் வேகத்துக்கு ஒன்று ஓராண்டுதான் தாங்கும் என்றும் சொல்லியிருக்கிறார்.

இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1954இல் புதிய கிராஃப்டனும் பழைய செல்மரும் ஒரே விலை. அன்று செல்மரை எடுத்திருந்தால் இன்றும் வாசித்துக்கொண்டிருக்கலாம், விற்றால் பல மடங்கும் கிடைக்கும். கிராஃப்டனை எடுத்தவருக்கு ஓராண்டு வாசிப்பு. ஆகவே 93,500 பவுண்டில் கருவிக்கான பங்கு என்று தனியாக எடுத்துவைத்தால், அது கையிருப்புச் சில்லறை அளவுதான் தேறும்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு

மற்ற பணமெல்லாம் பெரும்பாலும் 1953 மே 15க்குச் சேர்ந்தது. கனடாவின் டொராண்டோ நகரில் மாஸி ஹால் அரங்கு. மேடையில் பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், சார்லஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச். ஜாஸ் அறிந்தவர்கள் இந்த ஐந்து பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லும்போதே கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். ஏற்பாடு செய்தது உள்ளூர் ஜாஸ் ரசிகர் சங்கம். ஆனால் அரங்கு நிரம்பவில்லை. அதே இரவில் சிகாகோவில் ராக்கி மார்சியானோவுக்கும் ஜெர்சி ஜோ வால்காட்டுக்கும் உலகக் குத்துச்சண்டைப் பட்டப் போட்டி. ஊரே வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் முன்னால். சண்டை முதல் சுற்றிலேயே முடிந்துவிட்டது. கச்சேரிக்கு நேர்ந்த சேதம் சேதம்தான். கலைஞர்களுக்குப் பேசிய பணம் ஒழுங்காகச் சேரவில்லை.

அன்று பார்க்கர் கையில் இருந்தது வெண்ணிறக் கிராஃப்டன். ஏன் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் புழங்குகின்றன. அமெரிக்காவில் அவர் கிங் நிறுவனக் கருவியோடு பிணைக்கப்பட்டவர், நாட்டைத் தாண்டினால் வேறு எதையும் வாசிக்கலாம் என்பது ஒன்று. கையில் கருவி இல்லாமலேயே வந்திறங்கினார், அங்கே தேடிக் கொடுத்தார்கள் என்பது மற்றொன்று. ரசிகருக்கு இரண்டும் சுவைதான். வியாபாரிக்கோ இரண்டும் வேறு வேறு. முதல் கதை உண்மையானால் கருவி அவருடையது. இரண்டாவதானால் யாரோ கொடுத்தது, பிறகு எப்படி அவரிடம் தங்கியது என்று கேட்க வேண்டியிருக்கும்.

கச்சேரியை ஒலிப்பதிவு செய்து, மிங்கஸ் தன் டெபியூ நிறுவனத்தின் மூலம் இசைத்தட்டாக வெளியிட்டார். பார்க்கர் வேறொரு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் உறையில் அவர் பெயர் "சார்லி சான்" என்று அச்சானது. சான் என்பது அவருடைய துணைவியின் பெயர். 1994இல் ஏலத்துக்குக் கருவி வந்தது அவரிடமிருந்துதான்.

சாட்சி எது?

பழைய கருவி வியாபாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு சண்டைகள் இந்த இடத்தில்தான் நடக்கும். மேடைப் புகைப்படங்கள் இருக்கின்றன. அவற்றில் கிராஃப்டன் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் எல்லாக் கிராஃப்டனும் ஒரே அச்சில் வார்த்தவை. பித்தளைக் கருவியானால் லாக்கர் என்ற மெருகுப்பூச்சு தேய்ந்த இடம், செதுக்கு வேலையின் வளைவு, பின்னாளில் பற்றவைத்த தழும்பு என்று அடையாளம் காண ஏதாவது அகப்படும். பிளாஸ்டிக்குக்கு அந்த முகம் இல்லை. வரிசை எண்ணோ புகைப்படத்தில் தெரியாது. ஆகவே படத்தை மட்டும் வைத்து 10265தான் அது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

விலையைத் தாங்கிப் பிடித்தது கைமாற்றச் சங்கிலி. பார்க்கர் 1955 மார்ச் 12இல் நியூயார்க்கில் இறந்தார், வயது 34. கருவி சானிடம் இருந்தது. அவரிடமிருந்து நேராக ஏலக்கூடம். நடுவில் அடகுக் கடை இல்லை, "என் சித்தப்பாவுக்கு ஒரு டிரம்மர் கொடுத்தார்" இல்லை, பெயர் சொல்ல விரும்பாத சேகரிப்பாளர் இல்லை. இதைவிடக் குறுகிய சங்கிலி கிடைப்பது அபூர்வம். சானும் பார்க்கரும் சட்டப்படி மணந்தவர்கள் அல்லர் என்பது உரிமை விஷயத்தில் ஒரு முள். ஆனால் கருவி யாருடைய வீட்டில் இருந்தது என்ற கேள்விக்கு அது குறுக்கே நிற்கவில்லை.

பார்க்கர் கருவிகளை அடகு வைத்தும் இரவல் வாங்கியும் வாழ்ந்தவர். அதனால் "பார்க்கர் வாசித்தது" என்று சொல்லத்தக்க சாக்சபோன்கள் எண்ணிக்கையில் குறைவாக இருக்க வாய்ப்பே இல்லை. நிரூபிக்கத்தக்கவைதான் குறைவு. 1947இல் அவருக்கென்றே செய்த கிங் சூப்பர் 20 ஆல்டோ வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாசிப்பதற்கு எது உயர்ந்தது என்று கேட்டால் கிங்தான், விவாதமே இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு "பார்க்கரின் சாக்சபோன்" என்றால் பலர் மனத்தில் தோன்றுவது அந்த வெள்ளைப் பிளாஸ்டிக். விசித்திரமாகத் தெரிவது படத்தில் நிற்கும். படத்தில் நிற்பது விலை பெறும்.

வாங்கிய நகரம்

பார்க்கர் 1920 ஆகஸ்ட் 29இல், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் கன்சாஸில் இருக்கும் அதே பெயருடைய நகரில் பிறந்தவர். வளர்ந்தது மிசௌரிப் பக்கத்துக் கன்சாஸ் சிட்டியில். அங்கே பதினெட்டாவது தெருவும் வைன் தெருவும் சந்திக்கும் வட்டாரம்தான் அந்தக் காலத்து ஜாஸின் தொட்டில். 1990களில் பாழடைந்து கிடந்த அந்த வட்டாரத்தை எழுப்ப, மேயர் இமானுவல் கிளீவர் காலத்து நிர்வாகம் ஒரு ஜாஸ் அருங்காட்சியகம் கட்டத் திட்டமிட்டது. அது திறந்தது 1997இல். கணக்குப் பாருங்கள்: கட்டடம் எழும்பாத நிலையில் உள்ளே வைக்கும் பொருளை வாங்கியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவர் ஏலத்தில் இருந்தால் மற்றவர்களின் கணிப்பு குலைந்துவிடும். வியாபாரி ஒருவர் விலை கேட்கும்போது, நாளை இதை எவ்வளவுக்குத் தள்ளுவேன் என்ற எண்ணம் அவர் கையைப் பிடித்து இழுக்கும். வாசிப்பவருக்கு, பழுதானால் யாரிடம் போவது என்ற பயம். நகரத்துக்கு இரண்டும் கிடையாது. அது மறுபடி விற்கப் போவதில்லை, வாசிக்கப் போவதுமில்லை. கிராஃப்டனின் எல்லாக் குறைகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் போனதும் ஒன்றுமில்லாமல் ஆகிவிடுகின்றன. வரிப்பணத்தில் பிளாஸ்டிக் ஊதுகுழலா என்று கேட்கலாம். என் கணிப்பில் அந்த விலை மலிவு. ஓர் அருங்காட்சியகத்தின் நடுநாயகமாக நிற்கும் பொருளுக்குச் செலவழித்தது, அதே அருங்காட்சியகத்துக்குக் கதவும் சன்னலும் வைத்த செலவைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

இதே கணக்கைப் பித்தளையில் போட்டால்

செல்மர் மார்க் 6. 1954இல் பாரிஸில் தொடங்கி, ஆல்டோவும் அதைவிடப் பெரிய டெனரும் 1970களின் நடுப்பகுதிவரை வந்தன. பழைய சாக்சபோன் சந்தையின் தங்க அளவுகோல் இதுதான். இதில் கருவிக்கான பங்கு கணிசம். விரல் அமைப்பு இன்றைய சாக்சபோன்களுக்கே முன்மாதிரி. ஆனால் அதன் முதுகில் ஒரு கதைப்பணமும் ஏறி உட்கார்ந்திருக்கிறது: ஐந்து இலக்க வரிசை எண். 99,999க்கு உட்பட்ட கருவிகள் உயர்ந்தவை, ஆறு இலக்கம் தொடங்கியதும் தரம் இறங்கிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். பழைய பீரங்கிக் குண்டுகளின் உறையை உருக்கிய பித்தளை என்ற புராணமும் கூடவே வரும். 99,500 எண்ணும் 1,00,500 எண்ணும் ஒரே தொழிற்சாலையில், அதே கைகளால், சில வார இடைவெளியில் வெளிவந்தவை. அந்த இரண்டுக்கும் வாய் வைத்து வித்தியாசம் சொல்பவர் முன்னால் விழுந்து கும்பிடத் தயார். விலைப்பட்டியல் மட்டும் வித்தியாசத்தைத் தவறாமல் சொல்கிறது.

மறு லாக்கர் விஷயம் இதற்கு நேரெதிர். அந்தக் காலத்தில் கருவியைப் பழுது பார்க்கக் கொடுத்தால், மெருகு தேய்த்து லாக்கர் பூசித் தருவது வழக்கமான உபசாரம். இன்று அதே காரணத்துக்காக விலை விழுகிறது. கண்டுபிடிக்க வழி: பெல்லின் (குழலின் அகன்ற வாயின்) செதுக்குப் பூக்களை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். அசலானால் கோடு நகத்தில் சுருக்கென்று பிடிக்கும்; மெருகுச் சக்கரம் ஓடியிருந்தால் சோப்பில் எழுதியதுபோல மழுங்கியிருக்கும். வரிசை எண்ணின் இலக்கங்களும் அப்படியே. வாசிப்பதற்காக வாங்குபவர் மறு லாக்கர் கருவியைத்தான் தேட வேண்டும் என்பேன். மற்றவர் முகம் சுளிப்பதால் இவருக்குத் தள்ளுபடி.

கதைப்பணம் தெரியாமலும் ஏறும். கான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய சாக்சபோன்களின் பின்புறத்தில் 1914 டிசம்பர் 8 என்று பொறித்திருக்கும். அது துளைகளை உருவாக்கும் முறைக்கான காப்புரிமைத் தேதி. 1920களில் செய்த கருவியிலும் அதே பொறிப்பு வரும். "1914ஆம் ஆண்டு சாக்சபோன்" என்று மனமார நம்பி விற்பவர்கள் ஏராளம். இதைவிடப் பெரிய பள்ளம் அக்காலத்து உயர் சுருதிக் கருவிகள். இன்றைய 440 ஹெர்ட்ஸ் சுருதிக்கு வராமல் மேலேயே நிற்கும். மவுத்பீஸை (வாயில் வைத்து ஊதும் முனையை) எவ்வளவு வெளியே இழுத்தாலும் ஸ்வரங்களுக்குள் இசைவு குலையுமே தவிர இறங்கி வராது. வாங்கும்போது தாழ் சுருதிக்கான எழுத்து பொறித்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

கால் மில்லிமீட்டர்

மவுத்பீஸ் வியாபாரத்தில் கதைக்கும் கருவிக்கும் இடையே இருப்பது ஓர் அரத்தின் உராய்வு மட்டும். நியூயார்க்கில் மேயர் சகோதரர்கள் செய்த பழைய ஆல்டோ மவுத்பீஸ், 1950களில் ஃபுளோரிடாவுக்குப் போனபின் ஓட்டோ லிங்க் செய்த உலோக டெனர் மவுத்பீஸ் ஆகியவை, விரல் நீளப் பொருளாக இருந்துகொண்டே ஒரு மாணவர் சாக்சபோனின் விலையை எட்டும். முழுக் கருவியைவிட இதில் ஏமாறுவது எளிது. நானும் ஏமாந்திருக்கிறேன்.

மேயர் 5 ஒன்று. அசல் முகம் (ரீட் என்ற நாணல் பட்டை சாயும் வளைவு), யாரும் தொடாதது என்றார் விற்றவர். பார்சலைப் பிரித்தேன். எபோனைட் (கடின ரப்பர்) பழுத்துப் பச்சைப் பழுப்பாக மாறியிருந்தது, கந்தக வாடை. அது வயதின் நல்ல அடையாளம் என்பதால் மகிழ்ச்சிதான். (அதை வெந்நீரில் கழுவினால் பச்சை இன்னும் ஏறும், வாடையும் கூடும், செய்துவிடாதீர்கள்.) நுனித் திறப்பை அளந்தேன். எண் 5க்கு 0.071 அங்குலத்தை ஒட்டி வரவேண்டும். வந்தது 0.081. சரி, கண்ணாடி வைத்தே பார்த்துவிடலாம் என்று, கோடு போட்ட அளவுக் கண்ணாடியை ரீட் அமரும் தளத்தில் பொருத்தி, 0.0015 அங்குலத் தகட்டை மெல்லச் செருகினேன். தகடு கண்ணாடிக்கடியில் நேராகப் போய் நிற்க வேண்டும், கோணலாக நின்றது. கண்ணாடிக் கோட்டின்படி இடப்பக்கம் 36, வலப்பக்கம் 40. யாரோ கையால் உப்புத்தாளில் தேய்த்துத் திறந்திருக்கிறார்கள், அதுவும் ஒரு பக்கம் அழுத்தி. வாசித்தால் அடிஸ்வரங்களில் காற்று ஒழுகி, நடுவில் கீச்சென்றது.

ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் எபோனைட் போயிருந்தது. அதோடு சேகரிப்பு மதிப்பும், இப்போதைக்கு வாசிப்பு மதிப்பும் போயின. நல்ல கைவேலைக்காரர் ஒருவர் இரு பக்கத்தையும் சமன்செய்து தந்தபின் பிரமாதமாகப் பேசியது. இன்றும் அதைத்தான் வாசிக்கிறேன். ஆனால் விற்கப் போனால் "முகம் மாற்றியது" என்று சொல்லித்தான் விற்க வேண்டும், சொல்லித்தான் விற்பேன். விற்றவர் எனக்கு அனுப்பிய படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஐந்தும் மேற்புறப் படங்கள். தளத்தையும் பக்க விளிம்புகளையும் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

கிராஃப்டனுக்கு வருகிறேன். 10264, 10266 என்ற எண்களுடைய அண்ணன் தம்பிகளும் அதே அச்சிலிருந்து வந்து, அதே 55 கினிக்குக் கடைகளுக்குப் போயிருப்பார்கள். அவர்களில் ஒருவர் உங்களிடம் விற்பனைக்கு வந்தால், முதலில் பெல்லின் விளிம்புக்குப் பின்னால் ஒரு விளக்கைப் பிடியுங்கள். விரிசல் இருந்தால் வெளிச்சம் அந்தக் கோட்டில் உடைந்து தெரியும். பிறகு ஒவ்வொரு தூணின் அடித்திருகையும் சுற்றிப் பாருங்கள். கீகளுக்குமேல் காப்புத் தகடு முழுதாக இருக்கிறதா, பெட்டி அசலா என்று பாருங்கள். மாஸி ஹாலைப் பற்றி விற்பவர் பேச ஆரம்பித்தால் பேசட்டும். அந்த நேரத்தில் நீங்கள் அடிப்பக்கத்து வளைவைப் பார்த்துக்கொண்டிருங்கள், அங்கேயும் விரிசல் இருக்கலாம்.